நெடி தெரியும், மணம் தெரியாது

"மூக்கு போச்சாம் வே. மூஞ்சியில அப்படியேதான இருக்கு?" என்று கேட்டு, லீகல் மேனேஜர் ஃபைலை என் பக்கம் தள்ளினார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

திருநெல்வேலியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இன்வெஸ்டிகேட்டராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. என்கிற மனு போடுவார். அவர் சொல்லுவது உண்மைதானா என்று கம்பெனிக்குப் பார்த்துச் சொல்லுவது என் வேலை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி சொல்லுவாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: பொய்யை எப்படிப் பிடிப்பது? நான் உண்மையைப் பொய் என்று பிடித்த கதையை அவர்களுக்குச் சொல்லுகிறேன்.

1. டீக்கடையிலிருந்து தெரியாத காயம்

மனுதாரர் பெயர் காஜா மைதீன். ஊர் மேலப்பாளையம். தொழில் பண்டாரி, அதாவது கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவர். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு கல்யாணச் சமையலை முடித்துவிட்டு, மச்சானின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோது கார் இடித்துவிட்டது. ரோட்டில் மல்லாக்க விழுந்து பிடரியில் அடி. எலும்பு எதுவும் முறியவில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. தையல் போட்டு, சில நாள் வைத்திருந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மணமே தெரியவில்லை, தொழில் போய்விட்டது என்பதுதான் மனு.

கால் நொண்டுகிறது என்று ஒருவர் கேஸ் போட்டால், அவர் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். தெருவில் நொண்டுகிறவர் பஸ் கிளம்பினால் ஓடிப்போய் ஏறுவார். போனில் படம் பிடித்துவிடலாம். ஒருவருக்கு மணம் தெரிகிறதா இல்லையா என்பதை எந்த டீக்கடையில் உட்கார்ந்து பார்ப்பது? அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேறு ஃபைல்களைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் எடுத்தேன்.

2. பெண்ணுக்குத் தகப்பனானேன்

என் மகளுக்குக் கல்யாணம், ஐந்நூறு பேருக்குப் பிரியாணி ஆக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு மகள் கிடையாது.

"வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க," என்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கனத்த கைகள். "நான் இப்ப சமையல் எடுக்கதில்ல. மச்சான் செய்யுதான், நல்லாவே செய்யுவான். அவன்ட்ட சொல்லுதேன்."

"நீங்க ஏன் பாய் விட்டுட்டீங்க?"

"மூக்கு போயிட்டு."

"சமையலுக்கு நாக்குதான பாய் வேணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, நோன்பு மாசம் பள்ளிவாசல்ல தினம் கஞ்சி காய்ச்சணும். காய்ச்சுதவனுக்கும் நோன்புதான. ஒரு சொட்டு நாக்குல வைக்க மாட்டேன். அரிசி குழைஞ்சிருக்கா, அடி பிடிக்கப் போவுதா, உப்பு போதுமா, எல்லாம் ஆவிய மோந்து பாத்துத்தான். பதினெட்டு வருசம் காய்ச்சினேன். ஒரு நாள் உப்பு கூடினதில்ல."

"உப்புக்கு மணம் உண்டா?"

"எனக்கு இருந்துது," என்றார். பிறகு கொஞ்சம் பைய, "இந்த வருசம் மொத நாளே கஞ்சி தீஞ்சு போச்சு. அண்டா பக்கத்துல நான்தான் நிக்கேன். எனக்குத் தெரியல. தொழ வந்தவங்க மூக்கப் பொத்துதாவ, அதப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்," என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வத்தல் வறுத்தார்கள். எனக்கு இருமல் வந்தது. அவருக்கு என்னைவிட அதிகம். இருமல், தும்மல், கண்ணெல்லாம் தண்ணீர். என் சட்டைப்பையில் போன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டாரே என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"நெடி தெரியுதோ பாய்?"

"நெடி தெரியுது அண்ணாச்சி. மணம்தான் தெரியல."

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் என்று நினைத்தேன்.

முகம் கழுவ அவர் உள்ளே போனதும், அவர் மனைவி ஜமீலா டீ கொண்டுவந்தார். "நெஜமாவே ஒண்ணும் தெரியலையாம்மா?" என்று கேட்டேன். அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கே சில நேரம் சந்தேகமாத்தான் இருக்கு அண்ணாச்சி. மிளகா வறுத்தா தும்முதாக. ஆனா அன்னைக்கு கேஸ் ஒழுகி வீடெல்லாம் நாறுது, அடுப்புக்குப் பக்கத்துலயே பேசாம உக்காந்திருக்காக. எத நம்பன்னு தெரியல."

நான் ரிப்போர்ட்டில் எழுதியது இவ்வளவுதான்: 'மனுதாரர் நடிக்கிறார். வீடியோ இணைக்கப்பட்டுள்ளது. அவர் மனைவியே அவரை நம்பவில்லை.' கேஸ் ஒழுகிய சங்கதியை விட்டுவிட்டேன். கம்பெனிக்கு அது எதற்கு என்று அப்போது தோன்றியது.

"பிரமாதம் வே!" என்றார் மேனேஜர். ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போயிற்று.

3. டாக்டரம்மாவின் பாட்டில்

வேலை முடிந்தது. ஆனால் உப்பு என்னை விடவில்லை. வீட்டில் உப்பு ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கஞ்சி வைக்கச் சொல்லி, உப்புப் போடும் முன்னாலும் போட்ட பின்னாலும் மோந்து பார்த்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில், பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் கேட்கப் போனேன்.

"உப்புக்குன்னு மணம் கிடையாது," என்றார் அவர். "கஞ்சியில உப்பு சேந்ததும் ஆவி மாறலாம். அத்தனை வருஷம் பழகின மூக்குக்குத் தெரிஞ்சாலும் தெரியும். எனக்குத் தெரியல. ஏன் கேக்கீங்க?"

பெருமையாக வீடியோவைக் காட்டி, ஆளைப் பிடித்த கதையைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு என் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே எதையோ நீட்டினார். கிராம்பு. அடுத்து ஒரு பாட்டிலை நீட்டினார். நாற்காலியோடு பின்னால் துள்ளினேன்.

"இது அம்மோனியா. கிராம்பைக் காட்டிக்கொடுக்கிறது மண நரம்பு. அம்மோனியா, மிளகா நெடியெல்லாம் எரிச்சல். அதுக்கு முகத்துல வேற நரம்பு. மல்லாக்க விழுந்து பிடரியில அடிபட்டா மூளை ஒரு குலுங்கு குலுங்கும். மூக்குக்கு மேல முடி மாதிரி இருக்கிற மண நரம்பு அறுந்துபோவும். ஸ்கேன்ல தெரியணும்னு இல்ல. மத்த நரம்புக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப நடிக்கிறவன் என்ன செய்வான்?"

"அவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாதே. அம்மோனியாவை நீட்டினாலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியலைம்பான். உங்க ஆளு இருமுதாரு, தும்முதாரு, நெடி தெரியுதுன்னு வாயாலயும் சொல்லுதாரு. நீங்க எடுத்திருக்கது அவருக்குச் சாட்சி."

காஜா பாய் சொன்னது வக்கீல் பாடமில்லை. தனக்கு என்ன ஆயிற்று என்பதை அந்த மனிதர் ஒரே வரியில் என்னிடம் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் எனக்குக் காதில்லை. வெட்கமாக இருந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். "ரிப்போர்ட் ஃபைல் ஆயிட்டு வே. நீரு இனி டாக்டராவ வேண்டாம்," என்றார்.

"கோர்ட்டுல கேட்டா சொல்லிருவேன் சார்."

"கேக்க மாட்டாவ."

4. கூண்டில்

கேட்கத்தான் இல்லை. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கம்பெனி வக்கீல் என் ரிப்போர்ட்டைச் சத்தமாக வாசித்தார். 'அவர் மனைவியே அவரை நம்பவில்லை' என்ற வரி வந்ததும், காஜா பாய் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்து காஜா பாயின் வக்கீல் எழுந்தார். "உமக்கு மகளே கிடையாதுல்லா? பொய் சொல்லித்தான அவங்க வீட்டுக்குள்ள போனீரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நன்றாக மடக்கிவிட்ட திருப்தியில் உட்கார்ந்துவிட்டார். மிளகாயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்," என்றேன். கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதிக்கும் என்னைப்போல் ஆர்வம் இருந்திருக்க வேண்டும். "சொல்லுங்க," என்றார். டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். ஜமீலா சொன்ன, கேஸ் ஒழுகிய சங்கதியையும் சொன்னேன். நீதிபதி காஜா பாயை மூக்குப் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவிட்டார். கிராம்புக்கும் காப்பித்தூளுக்கும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அம்மோனியாவுக்குத் துள்ளிவிட்டார். சில மாதம் கழித்து, அவர் தொழிலை இழந்தது உண்மை என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கம்பெனி அதன்பிறகு எனக்கு ஒரு ஃபைலும் தரவில்லை. "நல்லா இரும் வே," என்று மட்டும் மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

தீர்ப்பு வந்த வாரம் ஜமீலா எனக்குப் போன் செய்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, நானும் குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"கேஸ் ஜெயிச்சுட்டு அண்ணாச்சி. அந்தக் காயிதத்துல நான் சொன்னதா ஒரு வரி இருக்குல்லா, அத மட்டும் அடிச்சிர முடியுமா?"

"பாய் ஏதும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. ஏசிட்டாக்கூடப் பரவாயில்ல. கேக்காம இருக்கதுதான் தாங்க முடியல."

"கோர்ட்டுல ஏறின காயிதம்மா. அடிக்க முடியாது."

"சரி அண்ணாச்சி, வச்சிருதேன்," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான். தெரியாததை ரிப்போர்ட் எழுதும் முன்னாலேயே தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டு ஆள் உங்களை நம்பிச் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்து எழுதாதீர்கள். முதல் தப்பை நான் கூண்டில் நின்று சரிசெய்துவிட்டேன். இரண்டாவதைச் சரிசெய்ய எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.