அக்கா விடச் சொன்ன ஓடை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை யோசித்தேன். எழுத வேறு யாரும் இல்லை.

குருவிட்டைக்கு அருகே ஓர் இறப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அம்மா காலமானபோது நான் சிறு பிள்ளை. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுப் பால் வெட்டப் போனார். என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். நான் படிக்கும் நிலவியல் என்றால் என்னவென்று யாராவது கேட்டால், "கல்லு பொறுக்குற படிப்புங்க. மத்தவங்க படிக்காம பொறுக்குறாங்க, இவன் படிச்சிட்டுப் பொறுக்கப் போறான்" என்று சிரிப்பார்.

படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்த மாணிக்கக்கல் தேடும் ஆய்வு ஒருநாள் எங்கள் தோட்டத்துக்கே வந்தது. ஒவ்வோர் ஓடையிலும் மணல் அள்ளி அரித்து, அடியில் தங்கும் கனமான மணிகளைப் பார்ப்போம். அவை மிகுந்திருந்தால் ஓடையின் வழியே மேலே போய், எங்கிருந்து வருகின்றன என்று தேடுவோம். பிறகு நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, மாணிக்கம் தங்கும் சரளை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அறிவோம்.

லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியைப் பற்றி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, நம்ம பீலிக்குத் தண்ணி வர்ற ஓடைய மட்டும் விட்டுருய்யா. கல்லு இருக்குன்னு தெரிஞ்சா தோண்டிப்புடுவாங்க. லயத்து சனம் குடிக்கிற தண்ணிக்கு எங்க போறது?"

"ஒன்ன விட்டாலும் மொத்த வரைபடமும் பொய்யாயிரும்க்கா" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

கல் அங்கேதான் இருந்தது. நிலம் குத்தகைக்குப் போனது, குழிகள் விழுந்தன, பீலியில் சேறு வந்தது. என் முறையில் ஒரு பிழையும் இல்லை. அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

இதயம் பலவீனமாக இருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அவரோ எங்கள் பீலி சேறான பிறகு, தோட்டத்தின் மேல் டிவிஷன் பீலிக்கு ஏறிக் குடம் சுமந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில்தான் எனக்கு இது தெரிந்தது. அங்கேயும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "மண்ணப் பாத்தே கல்லு இருக்குன்னு சொன்னது என் தம்பிதாங்க" என்று என்னைப் பெருமையாகக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் என் நன்றி. லயத்து உறவுகளே, அக்காவைக் குளிப்பாட்ட அந்த மழையிலும் மேல் டிவிஷனிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தீர்கள். பீலியை இழந்தவர்கள் நீங்களும்தான். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.