நாகவல்லியும் ஒம்பது தையலும்

கஜபதி கையில ஸ்டூலு. கிஷோர் மண்ட ஸ்டூலுக்கு நேர் கீய. நடுவுல நின்னுகினு இருந்த நான் கரெக்டா குனிஞ்சிட்டேன். எங்கம்மா என்னைக் குள்ளமா பெத்ததுக்கு அன்னிக்குதான் மொத தபா தேங்க்ஸ் சொன்னேன். டொம்முனு ஒரு சத்தம். ஆவடி ஸ்டேஷன்ல நின்னுகினு இருந்த ட்ரெயினு ஒரு கம்பம் பின்னாடி போயிருக்கும், அப்டி ஒரு சத்தம். கிஷோர் போட்டுகினு வந்தது வெள்ள சட்ட. ஊட்டுக்குப் போசொல்லோ செவப்பு சட்ட.

இத்தினிக்கும் இன்னா தகராறு? கம்ப்யூட்டர் கேமு பாதியில நின்னுபோச்சு. அவ்ளோதான்.

நான் எத்திராஜ். அஞ்சாங்கிளாஸ மூணு வருசம் படிச்சவன். அஞ்சாங்கிளாஸ்ல என்னை மிஞ்ச இந்தியாவுலயே ஆளு கெடையாது. கோவில்பதாகையில கேம் சென்டர் வெச்சிகினு கீறேன். ஆறு கம்ப்யூட்டரு, ஆறு சேரு, அந்த ஒரு ஸ்டூலு. ஆனா இது என் கத இல்ல. எனக்கு மேல் மாடியில வேல பாக்குதே நாகவல்லி, அத்தோட கத.

விருதுநகர் பக்கத்துப் பொண்ணு. இருவத்தெட்டு வயசு. ஒடம்பு ஊதுவத்தி, கண்ணாடி மட்டும் லாரி கண்ணாடி. மேல நாலு பேரு சேந்து கேமு பண்றாங்க. மத்த மூணு பேரு கேம உண்டாக்குவாங்க. இது, அந்த கேமு எதனால சாவுதுன்னு தேடிகினே இருக்கும். அதுக்கு சம்பளம் வேற.

அந்தப் பொண்ணுக்கு எண்ற வியாதி. மாடிப்படியில எத்தினி செருப்பு ஏறிச்சு, எத்தினி எறங்கிச்சுன்னு தெரியும். ஒரு நாளு எதிர் டீக்கடையிலேர்ந்து மேல அஞ்சு கிளாஸ் போச்சு, நாலுதான் கீய வந்துச்சு. ஆபீஸையே தலகீயா புரட்டி, ஜன்னல் ஸ்க்ரீனுக்குப் பின்னாடிலேர்ந்து அஞ்சாவது கிளாஸ எடுத்துகினு வந்துட்டுதான் மூச்சே வுட்டுச்சு.

"ஒரு கிளாஸுக்கா இந்தப் பாடு?"ன்னு கேட்டேன்.

"என் வேலையே இதானண்ணே. கேமு ஓடும்போது கம்ப்யூட்டர்கிட்ட எடம் கேட்டு வாங்கும். வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். குடுக்க மறந்துட்டா அதுக்குப் பேரு மெமரி லீக்கு. ஒரு கிளாஸ் மறந்தா தெரியாது. லட்சம் கிளாஸ மறந்துட்டா ஆபீஸ்ல நிக்க எடம் இருக்காதுல்ல? அப்பக் கேமு பொத்துன்னு விழுந்துரும்."

இவங்க பண்ண கேமு பேரு 'கேட்டுத் தெரு'. ரயிலு கேட்டாண்ட ஒரு தெருவு, ரெண்டு செட்டு ஆளுங்க. கத்தி, சைக்கிள் செயினு, ட்யூப்லைட்டு, எது கெடைக்குதோ அத்த எடுத்து வெட்டிக்க வேண்டியதுதான். தல உருண்டு சாக்கடையில வுழும். மொதல்ல நூறு பேர சாய்க்கிறவன் ஜெயிச்சான். நடுவுல ஆஃப் ஆச்சுன்னா கணக்கு மொத்தமும் காலி.

அதுல என் கைவரிசையும் ஒண்ணு கீது. மொதல்ல எனக்குப் போட்டுக் காட்டசொல்லோ, செத்தவன் அப்டியே கரைஞ்சி காணாம பூட்டான். "இன்னாம்மா இது, அனாதப் பொணமா? மேளம் இல்ல, வெடி இல்ல, பூ இல்ல. ஆவடியில எவனாவது இப்டி சாவானா?"ன்னு கலாய்ச்சேன். கேமு எய்துற ஸ்ரீராம் தம்பி ரோஷக்காரன். ரெண்டே நாள்ல போட்டுட்டான். ஒருத்தன் செத்தா மேளக்காரன் வருவான், வெடி வெடிக்கும், நாலு பேரு பாடைய தூக்கினு தெரு மொன வரைக்கும் போவானுங்க, ஒருத்தன் ரோட்டு முச்சூடும் பூவ வாரி வாரி எறைப்பான். அத்த பாத்துட்டுதான் கூட்டமே வந்துச்சு. செத்தவன் கேமுலேர்ந்து எழுந்து வந்து எனக்குக் கை குடுக்காததுதான் பாக்கி.

அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரு பிஸ்து. ஒருத்தன் கிஷோரு, டாங்கி பேக்டரி குவார்ட்டர்ஸ் பையன். இன்னொருத்தன் வெள்ளானூர் கஜபதி. ஒவ்வொரு கையும் ஒலக்க. தும்மினா பக்கத்துல கீற ஆட்டோ ஸ்டார்ட் ஆயிடும். ரெண்டு பேருக்கும் பைனலு வெச்சேன். கஜபதி எம்பத்தொண்ணுல கீறான், கேமு செத்துச்சு. அன்னிக்கு ரெண்டு சேருதான் ஒடஞ்சிச்சு. திரும்பி வெச்சேன். தொண்ணூறுல கீறான், மறுபடி செத்துச்சு. அதான் ஸ்டூலு.

ஸ்டூலை போட்டுட்டு இடுப்புலேர்ந்து கத்திய எடுத்து என் டேபிள்மேல குத்தி வெச்சான். "ரெண்டு தபாவும் நான் ஜெயிக்கசொல்லோ உன் ஆளுங்க பிளக்க புடுங்கிட்டானுங்க. நாயித்துக்கெயம மூணாவது ஆட்டம். அன்னிக்கும் நின்னுச்சு, கிஷோரு, உன் வலது கைய மணிக்கட்டோட எடுத்துகினு பூடுவேன்."

"ஆட்டமே வாணாம் நைனா"ன்னேன்.

"வாணாம்னா ரெண்டு கை. ஒண்ணு அவன்து, ஒண்ணு உன்து."

போலீசுக்குப் போலாம்னா கிஷோரு என் கால்ல வுழுந்தான். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மீதி மண்டைய அவரு ஒடைச்சிருவாரு அண்ணாத்தே."

ஆஸ்பத்திரியில தையல் போடசொல்லோ நாகவல்லியும் வந்து நின்னுச்சு. ஊசி உள்ள போவப் போவ ஒதடு அசையுது. எண்ணுது. ஒம்பது.

"ஒம்பதும் என் கணக்குலதாண்ணே"ன்னுச்சு வெளிய வந்து.

"ஸ்டூலு என்துமா."

"நின்னது என் கேமு. நான் கண்டுபுடிச்சிருந்தா இவன் மண்ட ஒடஞ்சிருக்காது. இப்பக் கையும் போகப்போகுது."

செவ்வாய்க்கெயம தேட ஆரமிச்சுது. லேப்டாப்புல ஒரு நம்பரு ஓடுது. கேமுக்குள்ள எத்தினி பொருளு உசுரோட கீதுன்னு அது காட்டும். சண்ட நடந்தா ஏறும், முடிஞ்சா பழைய எடத்துக்கு எறங்கணும். எறங்கலன்னா ஒழுகுதுன்னு அர்த்தம்.

கேமுல ரத்தம் வராம நிறுத்திட்டுப் பாத்துச்சு. தல உருளாம நிறுத்திட்டுப் பாத்துச்சு. என்னியக் கூப்ட்டு, "அண்ணே, கொல்லுங்க"ன்னுச்சு. நான் பல்லு வெளக்காம ஒக்காந்து மத்தியானத்துக்குள்ள அறுநூறு பேர கொன்னேன். சோறு துன்ன கையத் தூக்கினா அது தானா வெட்டப் போவுது. ஸ்ரீராம் நானூறு கொல. மைதிலின்னு ஒரு பொண்ணு, படம் வரையறது, மூஞ்சி பாத்தா சாமி படம் மாதிரி இருக்கும், அது செயின சுத்தி ஐநூறு பேர முடிச்சிச்சு. ஒவ்வொரு தபாவும் நம்பரு ஒயுங்கா பழைய எடத்துக்கு வந்து நிக்குது. ஒரு சொட்டு ஒழுவல.

புதன்கெயம என் கடை கம்ப்யூட்டரையே மேல தூக்கினு போயி ஓட்டிச்சு. அதுலயும் ஒழுவல. வியாழக்கெயம அதே கம்ப்யூட்டர கீய கடையில வெச்சி மறுபடி என்னியே கொல்லச் சொல்லிச்சு. ஒழுவல.

வெள்ளிக்கெயம காலையில கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி செவந்துபோயி வந்து நின்னுச்சு. "மிஷினு ஒண்ணுதான். கேமும் ஒண்ணுதான். அப்ப மாறுறது ஆளுதாண்ணே. கஜபதிய வரச் சொல்லுங்க."

"இன்னாத்துக்கு, இன்னிக்கே கைய வெட்டறதுக்கா?"

"அவரு ஆடுறத நான் பாக்கணும்."

மத்தியானம் கஜபதி வந்தான். கூட உலகநாதன்னு ஒரு தொங்கலு. எல்லாரும் டேபிள்மேல செல்லு வெக்கிற மாதிரி கஜபதி கத்திய வெச்சிட்டு ஒக்காந்தான்.

"இன்னா பாப்பா, எனுக்கு டெஸ்ட்டு வெக்கிறியா?"

"ஆமாண்ணே. எப்பவும் ஆடுற மாதிரி ஆடுங்க."

ஆரமிச்சான். மொத ஆள ட்யூப்லைட்டால கழுத்துல ஒரே சொருவு. மேளம் வந்துச்சு, வெடி வெடிச்சுது, நாலு பேரு பாடைய தூக்கினாங்க. கஜபதி நேரா போயி பாடைய தூக்கினு போறவனுங்க நாலு பேரையும் வெட்டிப் போட்டான்.

நான் சேர வுட்டு எழுந்துட்டேன். "டேய் நைனா, பாடைடா."

"அத்தினால இன்னா? நாலு பேருக்கு நாலு கணக்கு. சும்மா வுடுவாங்களா?"

திரும்பி நாகவல்லிய பாத்தேன். அது ஸ்க்ரீன பாக்கல, நம்பர பாக்குது. நம்பரு ஏறுது. எறங்கல. ஏறிகினே கீது.

"இன்னொரு தடவ பாடைய வெட்டுங்கண்ணே"ன்னுச்சு.

வெட்டினான். நம்பரு டபுளா ஏறுது.

அப்பதான் எனக்கே வெளங்கிச்சு. அறுநூறு பேர கொன்னேனே, ஒரு பாடையத் தொட்டேனா? பாடை வந்தா நான் ஜாய்ஸ்டிக்க கீய வெச்சிட்டு ஓரமா நின்னேன், கும்புடு வேற போட்டேன். ஸ்ரீராமும் அப்டித்தான். அந்த மைதிலிகூட ஐநூறு பேர செயினால முடிச்சிட்டு, பாடை போறவரைக்கும் பொறுமையா நின்னுகினு இருந்துச்சு. கொலகாரங்கதான், ஆனா மரியாத தெரிஞ்ச கொலகாரங்க. கிஷோரும் நவுந்துக்குவான். சாவு ஊர்வலத்த வெட்டற ஒரே ஆளு இந்த கஜபதிதான்.

நாகவல்லி சொல்லிச்சு: "பாடை தெரு மொனைக்குப் போயிச் சேந்தாத்தான் ரோட்டுல கெடக்குற பூவ எல்லாம் அள்ளணும்னு ஸ்ரீராம் எழுதியிருக்கான். தூக்குறவங்கள வெட்டிட்டா பாடை போயிச் சேரவே சேராது. பூ எறைக்கிறவன் அங்கயே நின்னு எறைச்சுக்கிட்டே இருப்பான். பூவுமேல பூவு. பாக்குறதுக்கு நாலு பூ மாதிரிதான் தெரியும், அடியில லட்சம் கெடக்கும்."

பூ வேணும்னு கேட்டவன் நான். வெட்டினவன் அவன். மண்ட மட்டும் கிஷோருது. எனக்கு வாயி சும்மா இருக்காதே. சிரிச்சிட்டேன். "அப்ப ரெண்டு தபாவும் பிளக்க புடுங்கினது நீதான் நைனா."

குத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் தெரில. என் முன் பல்லு ஒண்ணு பறந்து போயி மூணாவது கம்ப்யூட்டர் கீபோர்டுல வுழுந்து, நாலு எழுத்து அதுவே டைப் பண்ணிச்சு. அடுத்த உதை மானிட்டருக்கு. கண்ணாடி மழ மாதிரி கொட்டுது. கஜபதி கத்திய எடுத்துகினு நாகவல்லி பக்கம் திரும்பினான்.

அது லேப்டாப்ப மாரோட கட்டிப் புடிச்சிகினு நிக்குது. "என்னைய அடிச்சுக்கோங்க. இத அடிக்காதீங்க. ஞாயித்துக்கெழமைக்கு இதுதான் வேணும்."

"நாயித்துக்கெயம நின்னுச்சுன்னா?"

"நின்னா தப்பு என்னோடது. கிஷோர் கைய விட்டுட்டு என் கைய எடுங்க."

"எந்தக் கை?"

"ரெண்டு கையாலயும்தான் டைப் பண்றேன். உங்களுக்கு எது தோதோ அது."

கஜபதி அந்த ஊதுவத்திய மேலயும் கீயயும் பாத்தான். அப்பறம் கத்திய சொருவிகினு போயிட்டான். போசொல்லோ மீதி சேரையும் உதைச்சிட்டுதான் போனான்.

நான் வாயில துணிய வெச்சிகினு, "பேசாம கேமுலேர்ந்து பாடையவே எடுத்துடுமா"ன்னேன்.

"எதுக்குண்ணே? செத்தவன் போயிச் சேரணும், அவ்வளவுதான்."

அது பண்ணது இன்னான்னா, தூக்கறவன் நாலு பேரு வுழுந்தா கூட்டத்துலேர்ந்து வேற நாலு பேரு வந்து தோள் குடுப்பாங்க. அவங்களையும் வெட்டினா இன்னும் நாலு பேரு. எத்தினி வெட்டினாலும் பாடை தெரு மொனைக்குப் போயே தீரும்.

ஞாயித்துக்கெயம காலையில பத்து மணி. கடைக்குள்ள அறுவது பேரு. மூச்சு வுட்டா பக்கத்துல கீறவன் மூக்குலதான் போவும். கிஷோரு தலையில கட்டு. கஜபதி டேபிள்மேல கத்தி. நாகவல்லி லேப்டாப்போட ரெண்டு பேருக்கும் நடுவுல, கத்திக்கு ஒரு சாண் தள்ளி ஒக்காந்துகினு கீது.

அப்டி ஒரு சண்டைய நான் பாத்ததே இல்ல. ஸ்க்ரீன்லேர்ந்து ரத்தம் வயிஞ்சி என் சிமெண்டுத் தரையில வருதான்னு குனிஞ்சி பாத்தேன். கஜபதி பாடைய வெட்டறான், வேற நாலு பேரு தூக்கறான். திரும்பி வெட்டறான், திரும்பி தூக்கறான். பாடை போய்கினே கீது. எம்பத்தொண்ணு தாண்டிச்சு. தொண்ணூறு தாண்டிச்சு. நிக்கல. பாடைய வெட்டறதுலயே கண்ணா இருந்தவன் கிஷோரு பின்னாடி வந்து வெட்டினத பாக்கல. கிஷோரு நூறு. கஜபதி தொண்ணூத்தேழு.

கஜபதி எழுந்தான். கத்திய எடுத்துத் தலைக்கு மேல ஓங்கினான். கிஷோர் கை ஜாய்ஸ்டிக்மேலயே ஒட்டிகினு கீது, எடுக்கவே வரல அவனுக்கு.

பின்னாடிலேர்ந்து உலகநாதன் சொன்னான்: "கேமு நிக்கல அண்ணாத்தே. நின்னாத்தானே கைய எடுப்பேன்னு சொன்ன."

கத்தி எறங்குச்சு. கஜபதியோட ஜாய்ஸ்டிக்கு ரெண்டா பொளந்து, டேபிள்ல நாலு விரக்கட உள்ள போயிடுச்சு. அத்த வுட்டுட்டு அவன் ஒருத்தன் மூஞ்சியும் பாக்காம வெளிய போனான். கத்திய நாங்க மூணு பேரு சேந்து இழுத்தும் வரல. இப்ப அதுலதான் சாவிய மாட்டறேன்.

நாகவல்லி கத்திய பாக்கவே இல்ல. நம்பர பாத்துகினு இருந்துச்சு. "எறங்கிருச்சுண்ணே"ன்னுச்சு. டீ வரசொல்லோகூட லேப்டாப்ப கையிலேர்ந்து வுடல. கிளாஸ நான்தான் புடிச்சிகினு ஊத்தினேன்.

நாலு நாளு கயிச்சி கிஷோருக்குத் தையல் பிரிக்கப் போனோம். நாகவல்லியும் கூட வந்துச்சு. நர்ஸம்மா நூலை ஒவ்வொண்ணா எடுத்து ட்ரேயில போட்டுச்சு.

"முடிஞ்சுதுப்பா."

"சிஸ்டர், எட்டுதான இருக்கு"ன்னுச்சு நாகவல்லி. "உள்ள போனது ஒம்பது."

நர்ஸம்மா மொறைச்சுது. நாகவல்லி நவுரல. பஞ்ச ஒண்ணொண்ணா பிரிச்சிப் பாத்து, மூணாவது பஞ்சுல ஒட்டிகினு இருந்த ஒம்பதாவது நூலை எடுத்து ட்ரேயில வெச்சிது. ஒரு தபா மொத்தமா எண்ணிச்சு.

அதுக்கப்பறம்தான் கிஷோர பாத்து, "வலிச்சுதா தம்பி?"ன்னு கேட்டுச்சு.