கேலரியில் தேடிய முகம்

லாரி சீட் தைக்கிற கடை என்னுடையது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில்தான் கடை. தைத்து முடித்த சீட்டுகளை வாசலில் இறக்கிப் போட்டிருப்போம். அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்துதான் நாங்கள் ஃபுட்பால் பேசுவது. ஊர் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிறபோது இப்படி நாலைந்து பேர் ஃபுட்பால் பைத்தியமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேர் வருவார்கள். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் வருவார். சென்னையில் எங்கள் டீமுக்கு மேட்ச் இருந்தால் பாயின் வேனில்தான் போவோம். பிறகு கோச்சு. அவருக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். இளவயசிலேயே போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய், வங்காளம், ஒடிசா, கோவா என்று சுற்றியவர். போன ஊரில் எல்லாம் சாயங்காலமானால் மைதானத்தில் ஃபுட்பால் நடக்குமாம். பார்த்துப் பார்த்து அவரே ஒரு டீமுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு டீமும் அவரைக் கூப்பிடவில்லை. நாங்கள் கோச்சு என்று கூப்பிட்டோம்.

ஒவ்வொரு சீசனும் ஆரம்பிப்பதற்கு முன்னால் யாரை விற்றார்கள், யாரை வாங்கினார்கள் என்ற பேச்சுத்தான். அதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. "ஸ்ட்ரைக்கரை வித்துட்டு ரெண்டு டிஃபெண்டரை வாங்கியிருக்கானுங்க. ஊட்டுக்குக் கூரை இல்லாம கதவு மட்டும் ரெண்டு மாட்டுன கதைதான்" என்பார். சொன்னது போலவே அந்த வருஷம் கோல் வராது. நாங்களும் கடைசி மேட்ச் வரைக்கும் போய்க் கத்திவிட்டு வருவோம்.

அவர் காணாமல் போன அன்று எங்கள் டீம் ஜெயித்தது. சாயங்கால மேட்ச். அந்த சீசனிலிருந்து ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வேன்களை விடுவதில்லை. தள்ளி இருந்த ஒரு காலி மைதானத்தில் நிறுத்திவிட்டு, அங்கேயிருந்து ஸ்டேடியத்துக்குப் போய்வர பஸ் விட்டிருந்தார்கள். திரும்பும்போது அந்த பஸ்ஸைப் பிடிக்க ஒரே கூட்டம். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நாங்கள் பஸ் படிக்கட்டில் கால் வைக்கிற நேரத்தில் கோச்சு தலையைத் தடவிப் பார்த்தார்.

"தொப்பிய சீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார்.

"அது கெடக்குது வாங்கண்ணா, வேற வாங்கிக்கலாம்" என்றார் பாய்.

"நீங்க ஏறுங்க, நான் வாரேன்."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு எதிராக நடந்தார். டீமின் சட்டை போட்ட அவருடைய முதுகு, அதே சட்டை போட்ட நூறு முதுகுகளுக்கு நடுவில் போனதைப் பார்த்தேன். நாங்கள் பஸ்ஸில் போய் வேனுக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். அடுத்தடுத்த பஸ்கள் எல்லாம் வந்து நின்றன. இறங்கியவர்கள் அவரவர் வேனைத் தேடிப் போனார்கள். மைதானம் காலியாகிக்கொண்டே வந்தது. அவர் போனுக்குப் போட்டால் முதலில் மணி அடித்தது, அப்புறம் அதுவும் நின்றுபோனது.

திரும்பிப் போய்த் தேடினோம். பூட்டப்போன கேட்டைத் திறந்து விட்டார்கள். கேலரியில் நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனோம். தொப்பி இல்லை. அவர் வந்து எடுத்துக்கொண்டாரா, வேறு யாராவது எடுத்துப் போனார்களா, தெரியாது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. "பெரியவர் எங்கியும் போயிருக்க மாட்டார், விடிஞ்சதும் வந்துருவார் பாருங்க" என்றார். விடிந்ததும் கோச்சின் வீட்டுக்காரம்மாதான் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதில் அவருக்கு மாற்று வேட்டியும் சட்டையும் இருந்தது.

அக்கா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். குழந்தைகள் இல்லை. வீட்டில் இவர்கள் ரெண்டு பேர் மட்டும்தான். பையை நான் வாங்கிக்கொண்டேன். கிடைக்கவில்லை என்பதை அவரே எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நான் கோச்சைப் பார்க்காத இடம் இல்லை. எடப்பாடிக்கு ரெக்சின் துணி வாங்கப் போனால், முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் ஜன்னலில் அவர் தலை தெரியும். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். ஓடிப் போய்த் தோளைத் தொட்டால் யாரோ திரும்புவார்கள். கடைக்குள் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது, வாசல் சீட்டில் யாரோ உட்கார்கிற சத்தம் கேட்கும். புது ஸ்பிரிங் அப்படித்தான் முனகும். நிமிர்ந்து பார்த்தால் சீட்டு காலியாக இருக்கும். வெயிலில் ரெக்சின் இளகும்போது அந்தச் சத்தம் தானாகவே வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிமிர்ந்து பார்ப்பேன்.

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய நம்பர் அப்படியே இருந்தது. அந்த சீசன் முடியும் வரைக்கும் யாரும் அதில் டீமைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிறகு ஒருநாள், புதுசாக வாங்கின கோல்கீப்பரைப் பற்றி பாய் ஏதோ போட்டார். எருமப்பட்டிக்காரர்கள் பதில் போட்டார்கள். மெல்ல மெல்லப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் குரூப்பே சற்று நேரம் அமைதியாகிவிடும். திருத்துகிறவருக்காகக் காத்திருப்பது போல இருக்கும்.

அப்படி இருக்கையில், ஒரு காலை நேரத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு வரி வந்து நின்றது. கோச்சு குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார் என்று.

பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டேன். பாய் உடனே கூப்பிட்டார். "பாத்தியா? உசுரோட இருக்காருப்பா. போனை எடுத்து அமுக்கியிருக்காரு!" அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. கோச்சின் நம்பருக்கு எல்லாரும் மாற்றி மாற்றிப் போட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற அதே பதில். மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடைக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ரொம்ப நாள் யாரும் தொடாமல் கிடந்தால் அந்தக் கணக்கு தானாகவே அழிந்துவிடுமாம். அழிகிறபோது வெளியேறியதாகத்தான் காட்டுமாம்.

அக்காவிடம் இதைச் சொல்ல மல்லசமுத்திரம் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ நடக்கிற ஃபுட்பால். பந்து ஓடும்போது அக்கா பீன்ஸ் நறுக்கினார். கேமரா கேலரிப் பக்கம் திரும்பியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குக் கிட்டே போனார். பந்துக்குக் கேமரா திரும்பியதும் மறுபடி வந்து உட்கார்ந்தார். தினமும் இப்படித்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"வெளியேறுனாருன்னா, எங்கியோ இருந்துதானுங்க தம்பி வெளியேறணும்?"

அது தானாக நடப்பது என்று மறுபடி விளக்கினேன். தலையாட்டினார். பிறகு, "அடுத்த மேட்சுக்கு நானும் வாரேனுங்க. வேன்ல எடம் இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த மேட்ச் அன்று விடியும் முன்னே கிளம்பினோம். ஆத்தூர் தாண்டும்போது வெளிச்சம் வந்திருந்தது. ஒரு ஹோட்டலில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். மறுபடி ஏறியதும் எருமப்பட்டித் தம்பி ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "இந்த சீசன் எப்படியும் மேல வந்துருவோம், லெஃப்ட் பேக்குக்கு நல்ல ஆள் போட்டிருக்காங்க" என்றார்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். "லெஃப்ட் பேக்குன்னா எந்தப் பக்கமுங்க?"

பாய் சொன்னார். எங்கள் கோல் போஸ்டுக்கு முன்னால், இடது பக்கம் நிற்கிறவன்.

"அவரும் காணாமப் போறதுக்கு முன்னால அந்த எடத்து ஆளு ஒருத்தனப் பத்தித்தான் கேட்டுட்டே இருந்தாரு. அவன எறக்கவே மாட்டேங்கறானுங்க, உக்கார வெச்சிருக்கானுங்கன்னு. நல்லா ஆடுவானாமா, கேரளாக்காரனாமா."

அந்தக் கேரளாக்காரனைக் கோச்சு காணாமல் போவதற்கு முன்பே விற்றுவிட்டார்கள், விற்று ரெண்டு சீசன் ஆகியிருந்தது. அவன் போனபோது துக்கம் விசாரிப்பது போல என் கடையில் உட்கார்ந்து பேசியவரே கோச்சுதான். கடைசி மேட்ச் அன்றும் கேலரியில் அவனைக் கேட்டார். "எங்க நம்ம பையன், எறக்கலியா?" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம்.

பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அக்கா, வேற எதுலயாவது அண்ணனுக்கு இப்படி மறதி இருந்துச்சுங்களா?"

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரவள்ளிக் காடும் மக்காச்சோளமும் போய்க்கொண்டிருந்தன. "ரெண்டு தடவ ஊட்டுக்கு வழி தெரியலீன்னு போன் பண்ணாருங்க. ஒரு தடவ எருமப்பட்டிலருந்து. ஒரு தடவ எங்க ஊர்ச் சந்தைலருந்தே. யாருகிட்டயும் சொல்லிராதேன்னாரு. கோச்சுன்னு கூப்பிடறாங்க, அந்த மரியாத போயிரும்னாரு."

அன்றைக்கு அக்கா மேட்ச் பார்க்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவர் எதிர் கேலரியையே வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் செய்தேன். கொஞ்ச நேரம் பார்த்தால் எல்லா முகமும் அவர் முகமாகத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணை மூடித் திறந்தால் ஒருவர்கூட அவர் இல்லை.

ஆனால் யாரைத் தேட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஊர் பெயரைச் சொல்லத் தெரியாமல், போனை எங்கேயோ தொலைத்துவிட்டு அலைகிற ஒரு பெரியவரை. அதற்குப் பிறகு சென்னையில் மேட்ச் இருக்கிற நாட்களில் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பினோம். மத்தியானம் வரைக்கும் ஆதரவற்றவர்களை வைத்திருக்கிற இல்லங்களாகப் போவோம். அக்கா போட்டோவைக் காட்டுவார். இல்லை என்பார்கள். ஸ்டேடியத்துக்குப் போவோம். அக்காவும் வருவார். யாரை வாங்கினார்கள், யாருக்கு முட்டியில் அடி என்பதெல்லாம் அவருக்கும் தெரிய ஆரம்பித்தது. ஒருமுறை ரயிலில் போனால் அலுப்பில்லாமல் போகலாமே என்று பாய் சொன்னபோது, "வேன்லயே போலாமுங்க. ரோட்டோரம் நடக்கறவங்கள ரயில்ல இருந்து பாக்க முடியாதுங்களே" என்றார்.

போன சீசனில் இன்னொரு இல்லத்துக்குப் போனோம். நகரத்துக்கு வெளியே, ஒரு ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது. நடத்துகிறவர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே இல்லை என்று சொல்லவில்லை.

"இவர் மாதிரி ஒருத்தர் இருந்தாரும்மா. ஆனா தாடி. ஆளும் இளைச்சிருந்தாரு. பேரு கேட்டா சொல்ல மாட்டாரு. எங்க கிணத்தைப் பாத்துட்டு, இங்க போடாத, அந்த மூலைல போடு, தண்ணி அங்கதான் இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாரு. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் வெளிய நடந்து போனவரு வரல. நாங்களும் தேடினோம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் படுத்திருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். ஒரு கூடத்தில் ஜன்னலோரம் ஒரு கோரைப்பாய், அதில் இப்போது வேறு யாரோ படுத்திருந்தார். அக்கா அந்தப் பெரியவருக்கு வணக்கம் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏரிக்கரையில் பையன்கள் கோல் கட்ட நட்ட ரெண்டு கம்பு தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன், அக்கா பார்த்தாரா என்று தெரியவில்லை.

சமையல் செய்கிற அம்மாவை வரவழைத்தார்கள். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நல்லா சாப்புட்டாருங்களா?"

"நல்லா சாப்புடுவாரும்மா. ரசம்னா உசுரு. ரெண்டு தரம் வாங்கி டம்ளர்ல குடிப்பாரு."

கோச்சு ரசத்தைத் தொடமாட்டார். ஆத்தூர் ஹோட்டலில் சாப்பாடு வந்தால் ரசக் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். பாயும் என்னைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியும். கிணறு வெட்டத் தெரிந்தவர்கள், போர் போடத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர்.

அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பசிச்சா சாப்புடுவாருங்க" என்றார், எங்களுக்கும் சேர்த்து. பிறகு அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்கு மேட்சுக்குப் போகவில்லை. இருட்டும் வரை ஏரியைச் சுற்றி இருந்த தெருக்களில் வேனை ஓட்டினோம். பாய் ரேடியோவைக்கூடப் போடவில்லை. தோற்றுவிட்டோம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இந்த வருஷம் டீம் மோசம். நல்ல ஆட்களை எல்லாம் விற்றுவிட்டார்கள், பாதிக் கூட்டம்கூட வராது என்கிறார்கள். அக்காவையும் இப்போது குரூப்பில் சேர்த்திருக்கிறோம். நேற்று அவர் எழுதியிருந்தார்: கூட்டம் கம்மியா இருந்தா நல்லதுங்க, மொகம் தெளிவாத் தெரியும்.