மணி அடித்தால் பக்கம் திருப்பணும்

எனக்கு சைக்கிள் பஞ்சர் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். ஒரு பௌர்ணமி அன்று மலை சுற்றும் பாதையில் மகளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கினேன். கூடவே ஒரு கேசட் கொடுத்தார்கள். ஓர் ஆமை கடல் பார்க்கப் போகிற கதை. கேசட்டில் ஒரு பெண் அதைப் படிப்பாள். நடுநடுவே மணி அடிக்கும். அடித்தால் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

மகளுக்குப் பத்து நாளில் அலுத்துவிட்டது. என் மனைவிதான் விடவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. மணி அடித்தால் திருப்புவாள், படம் பார்ப்பாள், ஆமையைத் திட்டுவாள்.

"கடல்ல இன்னா வேலை இதுக்கு? ஊர்ல தண்ணி இல்லயா?"

"நீ போய் சொல்லேன், திரும்பி வரட்டும்."

"சும்மா இருங்க, ஆறு வருது."

நானும் உட்கார்ந்து கேட்பேன். மகள் கேட்பாள், "இது யாருக்கு வாங்கின நைனா, எனக்கா உங்களுக்கா?"

மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தோம். மறு வருஷம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது. பேச்சும் போனது. நாங்கள் சொல்வது அவளுக்கு விளங்குகிறதா என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் "பேச்சு கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார்கள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பழைய கேசட்டைப் போட்டேன். புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். மணி அடித்தது. இடது கையால் திருப்பினாள்.

அதிலிருந்து தினம் காலையில் கதை போட்ட பிறகுதான் கடைக்குப் போவேன். அவள் பக்கம் திருப்பினால் எனக்குப் போதும்.

ஒரு நாள் கேசட் நாடா அறுந்தது. டியூப் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவினேன். எனக்குத் தெரிந்த ஒட்டு அதுதான். ஓடவிட்டதும் உள்ளே பிசுபிசுவென்று சுற்றிக்கொண்டது. இழுத்தேன். கொத்தாகக் கையோடு வந்தது.

மகள் வந்து பார்த்தாள்.

"செல்லோ டேப் ஒட்டியிருந்தா போதும் நைனா."

"தெரியல."

"கடைல கேட்டேன். இப்ப அந்தக் கேசட் வர்றது இல்லயாம்."

"சரி, விடு."

பிறகு நானே படித்தேன். மூன்றாவதோடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். கேசட்டுப் பெண் கால் மணி நேரத்தில் முடிப்பது எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மணிக்குப் பதில் டம்ளரை ஸ்பேனரால் தட்டினேன். முதல் தடவை தட்டியபோது என் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு திருப்பினாள்.

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது.

ஒரு காலை. ஆமை ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. தட்டினேன். பக்கம் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று பலமாகத் தட்டினேன். கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை.

மகளுக்குப் போன் போட வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். இன்னும் நாலு பக்கம் இருந்தது. கடல் கடைசியில்தான் வரும். அவள் கையை நகர்த்திவிட்டு நானே திருப்பினேன். படித்து முடித்துவிட்டு எழுந்தேன்.