கொளுக்கி போட்ட பெட்டி

கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் செல்வராசாவைப் பேயாக்குவதற்குப் பெரிய செலவு வரவில்லை. ஆள் நெடுவல், கன்னம் ஒட்டினது. முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு கோரைப் பல்லைப் பசையால் ஒட்டியதும் இரத்தம் குடிக்கிற பேய் தயார். நகரத்துக்குள் திரிந்து ஆட்களின் கழுத்தைக் கடிக்கிற பேயாம். ஒரு கமெரா, நாலு பேர், சந்தைக்குப் பின்னால் ஒரு வெறுங்கடை. அஜந்தன் என்ற பெடியனின் படக் கம்பனி அவ்வளவுதான்.

பேயாக முதலில் சாகவேண்டுமே. அதற்கென்று கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்தார்கள். வேறு பெயர் யோசிக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். செல்வராசாவின் சொந்தப் பெயர், சொந்தப் படம், அந்தக் கடையின் விலாசம் எல்லாமே அச்சாகி, காலையில் சந்திச் சுவரில் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் அதை வாசிக்காமல் எவன் தாண்டிப் போவான்? அறிவு கெட்ட படக்காரப் பெடியள்.

மத்தியானம் அவரைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். மூடி எழும்பி எழும்பி நின்றதால் வெளியே கொளுக்கியைப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கமெராவின் பற்றறி இறங்கிவிட்டது.

"ரெண்டு நிமிசம் அண்ணை, அப்பிடியே படுத்திருங்கோ," என்று சொல்லிவிட்டு நாலு பேரும் போய்விட்டார்கள்.

கால்மாட்டில் துளைத்த ஓட்டைகளால் கொஞ்சம் காற்று வந்தது. கையை மடக்க இடமில்லை. மூக்கு கடித்தது, சொறிய வழியில்லை. பல்லுக்குப் போட்ட பசை இளகி வாயையும் சேர்த்து ஒட்டிவிட்டது, கத்தினாலும் சத்தம் வெளியே போகவில்லை. அரை மணித்தியாலத்தில் அவருக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

அப்போது யாரோ ஓடிவந்து பெட்டியில் தலையை வைத்து, "ராசு, என்ர ராசு," என்று அழத் தொடங்கினார்.

அப்படிக் கூப்பிட ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அண்ணன் வீரகத்தி. விசுவமடுவில் வேலிச் சண்டை வந்து பதினொரு வருசம் பேச்சில்லை. "உன்ர செத்தவீட்டுக்கும் வரமாட்டன்" என்று சொன்ன மனிசன், பஸ்ஸால் இறங்கிச் சந்தியில் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார்.

தட்டினால் அண்ணன் வெட்கத்தில் போய்விடுவார், பிறகு ஒருநாளும் வரமாட்டார். தட்டாமல் கிடந்தாலோ அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே கிடக்கவேண்டும். செல்வராசாவால் தாங்க முடியவில்லை. முழங்காலால் தட்டினார்.

கொளுக்கி கழன்றது. வீரகத்தி அந்தப் பவுடர் முகத்தையும் பல்லையும் கண்ணீரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியைத் திரும்பச் சாத்தி, அதன்மேல் ஏறி இருந்துவிட்டார்.

"எழும்பவிட்டா ஓடிடுவாய். கிடந்து கேள்."

பதினொரு வருசத்தையும் சொன்னார். தன் கண் ஒப்பரேசனுக்குத் தம்பி எட்டிப் பார்க்காதது, தன் மகளின் கலியாணத்துக்கு வராதது, எல்லாம். செல்வராசாவுக்கும் சொல்ல நிறைய இருந்தது. வேலியில் நட்டிருந்த முதல் கதியாலைப் பிடுங்கியது அண்ணன்தானே. ஆனால் வாய் பசையில் கிடந்தது.

"அம்மான்ர துவசம் வாற வெள்ளி. வாறதெண்டா தட்டு."

செல்வராசா இரண்டு முழங்காலாலும் தட்டினார்.

பற்றறியோடு வந்த அஜந்தன் திகைத்துப்போய் நின்றான். "ஐயா, கொஞ்சம் இறங்குங்கோ. படம் எடுக்கவேணும்."

"பொறு தம்பி," என்றார் வீரகத்தி, கண்ணைத் துடைத்தபடி. "வேலிக்கதைக்கு இன்னும் வரேல்லை."