சத்தமில்லாத இன்ஜின்

வேனுக்கு எந்த இன்ஜின் போடுவது என்று போன வருஷம் ஒரு மாதம் முழுக்கக் குழம்பினேன். இன்றைக்கும் தெளிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். காரென்றால் முன்னால் மூடியைத் தூக்கினால் இன்ஜின் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் வேனில் அதுவும் தப்பாகிப் போனது. அதில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருந்தது.

வேன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாயான் லெப்பாசில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன், பகல் ஷிப்டு. என் கணவர் ஜுருவில் தகடு அடிக்கிற பேக்டரியில், இரவு ஷிப்டு. அவர் வீட்டுக்கு வரும்போது நான் பேக்டரி பஸ்ஸில் ஏறியிருப்பேன். எங்கள் குடித்தனம் நடந்ததே ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில்தான். ‘குழம்பு உள்ளே. கேஸ் முடிந்துவிட்டது. சின்னவனுக்குக் காய்ச்சல்.’ சண்டையைக்கூடச் சீட்டில்தான் போட்டோம். கோபம் வந்தால் கொட்டை எழுத்தில் எழுதுவேன்.

பிள்ளைகள் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். நாங்களும் ஓய்வு பெற்றோம். ஒரு பழைய வேனை வாங்கி, பின்னால் கட்டிலும் அடுப்பும் வைத்து, கிளந்தான் வரை, ஜொகூர் வரை மெதுவாகப் போய் வரலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஊர் சுற்றும் ஆசை எனக்குப் பெரிதாகக் கிடையாது. அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

வாங்கிய மூன்றாவது வாரம், கட்டில் பாதி அடித்திருந்த நிலையில், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தின் நடுவில் வேன் புகை விட்டு நின்றது. ஜெலுத்தோங்கில் எங்கள் வண்டிகளை வழக்கமாகப் பார்க்கும் ஃபோர்மனின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது போச்சுக்கா. பிரிச்சு சரி பண்ணலாம், ஆனா மறுபடி படுத்துக்கும். ஜுருவுல ஹாஃப்-கட் கடையில வேற இன்ஜின் பாத்துட்டு வாங்க. பெட்ரோல்ல புது மாடல் ஒன்னு இருக்கு, சத்தமே வராது. பழைய டீசலும் இருக்கு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.”

“எது நல்லது தம்பி?”

“எங்க போறீங்க, எவ்ளோ சுமை ஏத்துறீங்க, அதைப் பொறுத்ததுலா.”

“ரெண்டு பேரு, ஒரு மெத்தை, ஒரு குக்கர்.”

அவர் சிரித்தார். பிறகு கியர்பாக்ஸ் ஒத்துப்போக வேண்டும், ஒயரிங் மாற்ற வேண்டும், கிராண்ட் என்கிற வண்டிப் பதிவுச் சீட்டில் இன்ஜின் நம்பரை மாற்ற வேண்டும், டீசல் என்றால் அதற்கு இன்னும் அலைச்சல் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டில் வந்து படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் வேலையில் நல்லதென்றால் பச்சை விளக்கு எரியும், கெட்டதென்றால் சிவப்பு. இங்கே எந்த விளக்கும் எரியவில்லை.

ஜுரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த கார்கள் பாதியாக வெட்டப்பட்டு, மூக்கும் முன்சக்கரமுமாக வரிசை வரிசையாக நின்றன. கடை முதலாளியான சீனத் தவுக்கே எங்களை அந்தப் பெட்ரோல் இன்ஜினிடம் கூட்டிப்போனார். பேட்டரியைக் கொடுத்து, ஒரு பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டு, ஏதோ செய்து அதை ஓடவிட்டார். தையல் மெஷின் அளவுக்குக்கூடச் சத்தமில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளந்தான் வரை பேசிக்கொண்டே போகலாம்!

என் கணவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளில் விட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லு.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். தவுக்கேயும் புரிந்துகொண்டு, “போலே, போலே” என்று சிரித்தார். மலாயில் ‘முடியும்’ என்று அர்த்தம். அந்தக் கடையில் எதைக் கேட்டாலும் போலேதான். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து டீசலைக் கிளப்பினார்கள். தரை அதிர்ந்தது. கூரைத் தகரம் கூடச் சேர்ந்து ஆடியது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பக்கத்தில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இதுதான் இன்ஜின்!” என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சண்டை. ஏன் டீசல் என்று கேட்டால் மலை ஏறும் என்றார். ஃபோர்மனைக் கேட்டேன், பெட்ரோலும் ஏறும் என்றார். சீக்கிரம் கெட்டுப்போகாது என்றார் இவர். அந்த டீசலுக்கு வயசு அதிகம் என்றார் ஃபோர்மன். ஒவ்வொரு காரணத்தையும் தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங்குக்கும் வீட்டுக்கும் நடந்ததுதான் மிச்சம்.

“அண்ணே ஏன் இப்படி அடம் பிடிக்கிறாரு?” என்று ஃபோர்மன் கேட்டார். என் மனசுக்குள் ஒரு பதில் வந்துவிட்டது. காது கிழிகிற சத்தம் இருந்தால் என்னோடு பேச வேண்டாம் பாருங்கள். இத்தனை வருஷம் சீட்டிலேயே பழகிவிட்டார், இனியும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று பார்க்கிறார். அந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பேசாததையே அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அதில் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை, காய்கறி வாங்க எங்கள் சின்னக் காரில் பாசாருக்குக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் இடப்பக்கம். சிக்னலில் நின்றபோது, ஓடிக்கொண்டிருக்கும் காரின் சாவியை இன்னொரு முறை திருப்பினார். ‘க்ரர்ர்’ என்று கார் அலறியது. முன்பும் இப்படிச் செய்திருக்கிறார். கவனமே இல்லை என்று திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ திட்ட வாய் வரவில்லை. ‘சரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லு’ என்று ஜுருவில் நின்ற முகம் ஞாபகம் வந்தது.

ஆயுசு முழுக்க டெஸ்டிங்கில் இருந்தவள் நான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, சாதாரணக் குரலில் சொன்னேன்.

“உங்க தலையில முருங்கை மரம் முளைச்சிருக்கு.”

“ம். வாங்கிக்கலாம்,” என்றார்.

சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பாசார் வாசலில் காரை நிறுத்தியதும் இறங்கி, சுற்றிப் போய், அவருடைய வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

“எத்தனை நாளா காது கேக்கல?”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். “இந்தப் பக்கம் பரவாயில்ல. அந்தப் பக்கந்தான். மெஷின் எனக்கு எடது பக்கமாவே இருந்துச்சில்ல.”

“ஏன் சொல்லல?”

“தலையாட்டுனா நீ சந்தோசமா பேசிக்கிட்டே போவ. எதுக்குக் கெடுக்கணும்?”

“டீசல்?”

“ஓடுதா நின்னுருச்சான்னு கால்ல தெரியும்லா. அந்தச் சத்தமில்லாதத வச்சுக்கிட்டு நான் எப்படி ஓட்டறது? உன்னையும் பின்னால படுக்க வச்சுக்கிட்டு?”

காய்கறி வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் வெயிலில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் நாட்டில் ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம். பக்கத்தில் உட்காருகிறவள் பேசுவது அவருடைய இடக்காதில். ஆக, இத்தனை வருஷமாக எந்தக் காரில் போனாலும், அவருடைய கேட்காத காதிடம்தான் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். எதையெல்லாம் சொன்னேனோ! அவர் பேசப் பிடிக்காதவர் என்று நினைத்தேனே, அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“பெட்ரோலே போடச் சொல்றேன்,” என்றேன்.

“சொன்னேன்ல, எனக்குக் கேக்காது…”

“நீங்க ஏன் கேக்கணும்? நான் ஓட்டறேன்.”

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பேக்டரிக்குப் பஸ் வந்ததால் வண்டியைத் தொட்டதுதான் குறைவு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேனை நான் ஓட்டுவதை நினைத்து அவருக்குப் பயம் வந்தது நன்றாகவே தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஃபோர்மன்தான் தலையைச் சொறிந்தார். “டீசல்னீங்க, பெட்ரோல்ங்கிறீங்க. அண்ணே ஓட்டுவாருன்னீங்க, நீங்க ஓட்டறேங்கிறீங்க. எனக்கே தலை சுத்துதுக்கா.” அவருக்கும் சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன். காது டாக்டரிடமும் நாள் வாங்கினோம். அதற்கு இவரைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. எந்த இன்ஜின் உசத்தி என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது.

இன்ஜின் மாற்றி, சோதனையும் முடிந்து வேன் கைக்கு வந்த அன்று, பாலம் வழியாகச் செபராங் ஜெயா வரை ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அவர் என் இடப்பக்கம், மடியில் தண்ணீர் பாட்டிலோடு. அவருடைய வலக்காது என் பக்கம். பாலத்தில் ஏறியதும், பழக்க தோஷத்தில், தொண்டை கிழியக் கத்தினேன்.

“இன்ஜின் ஓடுது! கேக்குதா?”

“இன்ஜின் கேக்கல,” என்றார். பாட்டிலைக் காலுக்கிடையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ பேசறது கேக்குது. ஏன் இப்படிக் கத்துற?”

அவரிடம் சொல்ல ஒரு வண்டி விஷயம் சேர்த்து வைத்திருந்தேன். பாலம் முடிகிறவரை ஒன்றும் வாயில் வரவில்லை.