கழுவுவதற்கு அனுமதி தேவையில்லை

மீன் ஏலக்கூடத்துச் சாவிக்காரரின் வாழ்க்கையை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதும்படி அவரும் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. விடிவதற்கு முன் கதவைத் திறப்பார், ஏலம் முடிந்ததும் தரையைக் கழுவுவார், மாலையில் பூட்டுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான். ஆனால் அந்தக் கரையோரத்துக் கலை வளர்ச்சியில் அவருக்கு இருந்த பங்கு, கலையை வளர்ப்பதாகக் கையெழுத்துப் போட்ட ஐந்து நிறுவனங்களின் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த உண்மையைப் பதிவு செய்வது நம் கடமை.

படகுக்காரர் வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் முதன்முதலாகப் படகேறினார். கரையில் நிற்கிறவர்களின் முகம் அடையாளம் தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தார். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். ஒன்பது மாதம் போனார். கடலுக்குப் பழகிவிட்டது, அவருக்குத்தான் பழகவில்லை. கடைசியில் அவருடைய அண்ணன், "நீ இறங்கிக்கடா. உன்னைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆளு, வலையை இழுக்க ஒரு ஆளுன்னு எங்கேடா போறது?" என்று கரையில் இறக்கிவிட்டார். இறங்கிய இடத்துக்கு எதிரே ஏலக்கூடம் இருந்தது. அதன் சாவியைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

அவருடைய மனைவி இறால் உரிக்கும் கொட்டகையில் மேஸ்திரி. நாற்பது பெண்களை ஒரே பார்வையில் உட்கார வைக்கக் கூடியவர் என்பதால் ஊரே அவரை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டது. இறால் வரத்து இல்லாத மாதங்களில் மேஸ்திரியம்மா நாடகம் எழுதுவார். கொட்டகைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நடிப்பார்கள். ஒத்திகை ஏலக்கூடத்தில், கழுவிக் காய்ந்த தரையில், மாலை நாலு மணிக்கு. வாடகை கிடையாது, விண்ணப்பம் கிடையாது. "என்னங்க, நாலு மணிக்கு வர்றோம்" என்று மேஸ்திரியம்மா சொல்வார். சாவிக்காரர் மின்விசிறியைப் போட்டு வைப்பார். பதினோரு வருடக் கலைச் சேவை இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருட நாடகத்தின் பெயர் 'சட்டை யாருக்கு?'. புயலில் காணாமல் போன ஒருவன் நாலாம் நாள் உயிரோடு வீடு திரும்புகிறான். அதற்குள் அவன் மனைவி அவனுடைய சட்டைகளையெல்லாம் உறவுக்காரர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். இனி ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்க வேண்டும். கணவனாக நடித்தது மேஸ்திரியம்மாவின் தங்கை. மீசை வைத்தால் அசல் ஆண்பிள்ளைதான். அந்த நடையும் குரலும் வேறு யாருக்கும் வராது. அந்தத் தங்கையின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அதற்குள் நாடகம் போட்டால் உண்டு. இல்லாவிட்டால் நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய நாடகம் நோட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சரியாக அந்த நேரத்தில்தான் உதவி வந்து சேர்ந்தது.

படகு உரிமையாளர் சங்கம், ஐஸ் தொழிற்சாலை, கடற்கரை ஓட்டல், கூட்டுறவு வங்கி, நகராட்சி ஆகிய ஐந்தும் சேர்ந்து 'கரையோரக் கலை பண்பாட்டுக் கூட்டமைப்பு' என்ற ஒன்றை ஆரம்பித்தன. உள்ளூர்க் கலையைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது நோக்கம். உள்ளூரில் தேடிப் பார்த்ததில் கலை என்று கிடைத்தது மேஸ்திரியம்மாவின் குழு ஒன்றுதான். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கைகொடுத்தார்கள். கூட்டமைப்பின் செயலாளர் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை என்பது அவர் நடையிலேயே தெரியும்.

முதல் கூட்டத்தில், ஏலம் இல்லாத நேரத்தில் ஏலக்கூடத்தைக் கலை அரங்காக நடத்துவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டாவது கூட்டத்தில் பேனரில் யார் சின்னம் முதலில் வருவது என்று பேசினார்கள். மூன்றாவது கூட்டத்திலும் அதையே பேசினார்கள். கடைசியில் ஐந்து சின்னமும் ஒரே அளவில், ஒரே வரிசையில் வருவதாக முடிவாகி, பேனர் கூடத்தில் புதிதாகப் போட்ட மேடையைவிட நாலு அடி நீளமாக வந்து சேர்ந்தது. நடிகைகள் மேடைக்கு வரும் வழியை ஐஸ் தொழிற்சாலையின் சின்னம் அடைத்துக்கொண்டது.

அன்று நாலு மணிக்கு வழக்கம்போல ஒத்திகைக்கு வந்த பெண்களைச் செயலாளர் வாசலில் நிறுத்தினார்.

"என்னம்மா, அனுமதி எங்கே?"

"யார் அனுமதி சார்? எங்க வீட்டுக்காரர்தானே சாவி வச்சிருக்காரு" என்றார் மேஸ்திரியம்மா.

"அது அந்தக் காலம். இப்போ இது பங்காளர்கள் இணைஞ்சு நடத்துற கலை அரங்கு. ஒவ்வொரு ஒத்திகைக்கும் அஞ்சு பேர் கையெழுத்து வேணும். உங்க நல்லதுக்குத்தான்."

"நாங்க நல்லாத்தானே இருந்தோம்?" என்றாள் தங்கை.

விண்ணப்பம் போனது. சங்கத் தலைவர் வெளியூர். வங்கி மேலாளர் விடுப்பு. ஓட்டல்காரர் கையெழுத்துப் போட்டார், ஆனால் நகராட்சி போட வேண்டிய கட்டத்தில். ஆறு நாள் ஓடிவிட்டது.

வீட்டில் மேஸ்திரியம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். நாற்பது பேரை அதட்டுகிற வாய் மூடிக்கொண்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சாவிக்காரர் முதன்முறையாகக் கேட்டார். குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"அத்தான், கடலுக்குத்தான் பயந்தீங்க. இப்போ காகிதத்துக்குமா?" என்றாள் கொழுந்தியாள்.

சாவிக்காரர் ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினான்கு பக்கத்தையும் படித்தார். அதை முழுதாகப் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்பது பின்னால் தெரியவந்தது. ஒன்பதாவது விதியில் விரலை வைத்தார். தரை கழுவுவது கூட்டமைப்பின் பொறுப்பில் வராது. சாவிக்காரரே தேவையான ஆட்களை வைத்துக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மீன் செதிளும் ரத்தமும் கிடக்கிற தரையில் பங்கு வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவர்கூடச் சண்டை போடவில்லை.

"ஏய், எட்டு ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா?" என்று மனைவியைக் கேட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு எட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு தரை கழுவ வந்தார்கள். செயலாளர் பார்த்தார். ஒன்பதாவது விதி. நகர்ந்துவிட்டார். கதவைச் சாத்தியதும் கழுவல் ஆரம்பமானது. தள்ளு துடைப்பம் கதவாயிற்று, படகாயிற்று, மாமியாராயிற்று. புயல் காட்சி வந்தபோது சாவிக்காரர் ஓஸ் பைப்பை எடுத்துத் தகரக் கதவின் மேல் பீய்ச்சினார். கூடமே அதிர்ந்தது. சுமை தூக்குகிறவர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்தபடியே நின்றுவிட்டார்கள். அந்த ஊரில் வேறெந்தத் தரையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஒரு வாரத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கும் வசனம் மனப்பாடம்.

"அந்தக் கோடு போட்ட சட்டையை மட்டும் கொடுத்துடுங்க மாமா, உள்ளே இருந்த ஆளு திரும்பி வந்துட்டாரு" என்று மனைவியாக நடிக்கிறவள் சொல்வதற்கு முன்பே வாசலிலிருந்து ஒரு குரல் அதைச் சொல்லிவிடும். "யோவ், நடிக்கிறது நானா நீயா?" என்று அவள் துடைப்பத்தை ஓங்குவாள். அதுவும் நாளடைவில் நாடகத்தில் சேர்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு மாலையில் தலைநகரத்திலிருந்து மதிப்பீட்டாளர் அம்மா வந்துவிட்டார். இந்த மாதிரிக் கூட்டமைப்புகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது அவர் வேலை. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டதால் வரவேற்க ஆளில்லை. கவிழ்த்துப் போட்ட மீன் கூடை ஒன்றில் உட்கார்ந்து முழுதையும் பார்த்தார், வயிறு வலிக்கச் சிரித்தார். மூச்சு வாங்க ஓடி வந்த செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"துடைப்பத்தையும் தண்ணியையும் வச்சு எவ்வளவு புதுமையான வடிவம்! யாரோட யோசனை சார்?"

செயலாளர் ஒரே ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கண நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. "கூட்டமைப்போட நீண்ட நாள் திட்டம் மேடம்" என்றார்.

வரும் சனிக்கிழமை, துடைப்பம், தண்ணீர் சகிதம், விழாவாக அரங்கேற்றம் என்று அங்கேயே முடிவானது. சனிக்கிழமை மாதத்தின் கடைசி நாள். கொழுந்தியாள் மறுநாள் காலைப் பேருந்துக்கு இடம் பிடித்திருந்தாள்.

மதிப்பீட்டாளர் அம்மா வந்துபோன மறுநாளே கூட்டமைப்பு அவசரமாகக் கூடி ஒன்பதாவது விதியைத் திருத்தியது. கழுவுவது இனி கலை. கலை என்றால் ஐந்து கையெழுத்து.

"போச்சு. கழுவுறதுக்கும் அனுமதியா?" என்று தலையில் கை வைத்தார் மேஸ்திரியம்மா. "இன்னும் மூணு நாள்தாங்க இருக்கு."

"விதின்னா விதிதானே" என்றார் சாவிக்காரர். "முறையா விண்ணப்பம் போடறேன். அது வர்ற வரைக்கும் ஒரு வாளி தண்ணிகூடத் தரையில விழாது."

மேஸ்திரியம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு கீழ்ப்படிதலைத் திருமணத்தன்றுகூட அவர் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சாவிக்காரர் நடந்தார். யாரையும் அவசரப்படுத்தவில்லை. "நாளைக்கு வாப்பா" என்றவர்களுக்கு நன்றி சொன்னார். நாளைக்கே போனார். கூடத்தில் தினமும் ஏலம் நடந்தது, மீன் வந்தது, மீன் போனது, மீனிலிருந்து வந்ததெல்லாம் தரையிலேயே தங்கியது. வெள்ளிக்கிழமை ஈக்கள் பெருங்கூட்டமாக வந்து சேர்ந்தன. அவற்றிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை. ஊர் திரண்டிருந்தது, மீனோடு பிறந்து வளர்ந்த ஊர், மூக்கைச் சுருக்கவில்லை. மேடையில் ஐந்து பங்காளர்களுக்கும் ஐந்து நாற்காலி. தலைக்கு இருபது நிமிடம் உரை என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அதன்படி நடந்திருந்தால் நாடகம் ஞாயிற்றுக்கிழமைதான் ஆரம்பித்திருக்கும்.

ஓட்டல்காரர் எழுந்து, "பெரியோர்களே" என்றார். அடுத்த மூச்சை இழுத்தார். உட்கார்ந்துவிட்டார். வங்கி மேலாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து வாழ்த்தினார், கைக்குட்டை மட்டும் அசைந்தது. சங்கத் தலைவருக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது. ஐஸ் தொழிற்சாலைக்காரரும் நகராட்சிக்காரரும் அந்தப் போனைத் தேடிப் போகிறவர்கள்போலப் பின்னாலேயே போனார்கள். அந்த வட்டாரத்தின் கலை விழாக்களில் ஐந்து உரையும் நாலு நிமிடத்தில் முடிந்தது அதுவே முதல் முறை.

செயலாளர் பாய்ந்து வந்தார். "யோவ், என்னய்யா இது? கழுவித் தொலைக்கக் கூடாதா?"

"கையெழுத்து அஞ்சும் வாங்கியாச்சு சார். கடைசிக் கையெழுத்து இப்போதான், படிக்கட்டு இறங்கும்போது போட்டுக் கொடுத்தாரு" என்று காகிதத்தை நீட்டினார் சாவிக்காரர். "ஆரம்பிக்கட்டுமா?"

ஓஸைத் திறந்தார். மூன்று நாள் அழுக்கு வாய்க்காலை நோக்கி ஓட, எட்டுப் பெண்களும் துடைப்பத்தோடு அதைத் துரத்திவிட்டு மேடையேறினார்கள். வழியில் கிடந்த பேனரும் கொஞ்சம் நனைந்தது. கொழுந்தியாள் மீசையை ஒட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். புயல் காட்சி வந்தது. கடலுக்கு ஒத்துவராதவன் என்று கரையில் இறக்கிவிடப்பட்ட மனிதர், ரப்பர் பூட்ஸ் காலை அகட்டி ஊன்றி, தகரக் கதவின் மேல் முழு வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார். முன்வரிசையில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கடலில் கிடந்தவர், தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் கொழுந்தியாள் மீசையைப் பிய்த்துச் சாவிக்காரர் உள்ளங்கையில் வைத்தாள். "அத்தான், இதைப் பத்திரமா வையுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள பங்கு வச்சுக் கொடுத்துடாதீங்க."

அதற்குப் பிறகு கூட்டமைப்பின் கூட்டங்கள் ஓட்டலின் குளிரூட்டிய அறைக்கு மாறின. கூடத்தின் பக்கம் யாரும் வரவில்லை. மேஸ்திரியம்மா, "என்னங்க, நாலு மணிக்கு வர்றோம்" என்கிறார். சாவிக்காரர் மின்விசிறியைப் போட்டு வைக்கிறார்.

ஆண்டறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. நாடகத்துக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். யார் யார் என்ன உதவி செய்தார்கள் என்ற பட்டியலில் கடல் இரைச்சலையும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.

கடல் இரைச்சலுக்குத் தண்ணீர் உதவி: நகராட்சி.